அடிப்பது கையல்ல, கால்!

("நம் பிள்ளைகள் விளையாட்டில் பின்தங்குவது ஏன்?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், கேமரன் மலை கோலா தெர்லாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய தம்பி, வசதி இல்லை என்றார். அடுத்தவர், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்றார். ஒரு அம்மையார் எழுந்து, "மார்க்கு மார்க்குன்னு பிள்ளையைப் போட்டு வதைச்சா, அது எங்க சார் விளையாடும்?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். எல்லாம் உண்மைதான்.

ஆனால் நான் வேறொரு சின்ன விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். வசதியும் செய்து கொடுத்து, அக்கறையோடு அனுப்பியும் வைத்த பிள்ளையை நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். எப்படி? தப்பாக அடிக்கச் சொல்லிக்கொடுத்து! பிள்ளையை அடிப்பதைச் சொல்லவில்லை, பந்தை அடிப்பதைச் சொல்கிறேன். (சிரிப்பு)

கோலா தெர்லா எங்கே இருக்கிறது என்று உங்களில் பலர் யோசிப்பீர்கள். கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பிரிஞ்சாங்கில் அறை எடுத்து, ஸ்ட்ராபெரி பறித்து, தேயிலைச் சரிவில் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதையும் தாண்டி, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரை. அங்கே ஒரு லயத்து வீட்டில் பிறந்தவன் நான். அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அம்மா கொழுந்து வெட்டினார்.

மலையில் ஏது சமதளம்? கால்பந்தை ஒரு முறை உதைத்தால் அது பள்ளத்தாக்கில்தான் போய் நிற்கும். அதனால் எங்களுக்கு வாய்த்தது பிங்போங். தோட்டத்து மண்டபத்தில் நாலு பீப்பாயின் மேல் இரண்டு பலகை, வலைக்குப் பதில் கிழிந்த கொசுவலை. வெளியே ஓயாத மழை. ஒரு பந்து உடைந்தால் அடுத்த சம்பள நாள்வரை காத்திருக்க வேண்டும். அப்படியும் விடியவிடிய ஆடுவோம்.

'இடி' என்று பெயர் எடுத்தேன்

அந்த மண்டபத்தில் எனக்கு 'இடி' என்று பட்டப்பெயர். எந்தப் பந்து வந்தாலும் ஓங்கி ஒரே அடி. பலகை அதிரும். சுற்றி நிற்பவர்கள் கூச்சல் போடுவார்கள். அம்மா மட்டும் ஒரு நாள் வேலை முடிந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, "பந்து இத்துனூண்டு. இதுக்கு எதுக்குடா கையையே கழட்டி எறியறே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மா கத்தரியால் கொழுந்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் புரியும். சரிவில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொள்வார். கத்தரி நகர்வதற்கு முன்னால் இடுப்பு நகரும். கை சும்மா கூடவே போகும். அப்படித்தான் காலையிலிருந்து மாலைவரை வெட்ட முடிந்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கையாலேயே வெட்டிவிட்டு, மூன்றாம் நாள் தோளில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் வீட்டிலேயே இருந்த பாடத்தை நான் படிக்கவில்லை.

1986ஆம் ஆண்டு. ஐந்தாம் படிவம் படிக்கிறேன். மாநிலத் தேர்வுக்குக் குவாந்தான் வரச் சொன்னார்கள். பகாங் மாநிலத்துக்காரன் பகாங்கின் தலைநகருக்குப் போவதற்கு, அன்றைக்குத் தாப்பா வழியாகப் பேராக்கில் இறங்கி, கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து கிழக்கே போகவேண்டும். அதற்கு முன்னால் ஒரு பயிற்சி முகாம். அங்கே ஒருவர் (பெயர் வேண்டாம், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்) என் கையைப் பிடித்துப் பார்த்து, "உன் பலமே இதுதான். இன்னும் வேகமா அடி" என்றார். ஒரு நாளைக்கு முந்நூறு அடி. நாலாம் நாளே தோளுக்குள் ஊசி குத்துவதுபோல் இருந்தது. சொன்னேன். "வலிச்சாதான் வளரும்" என்றார்.

குவாந்தானில் இரண்டாவது ஆட்டம். அன்றைக்கு 21 புள்ளி ஆட்டம் அல்லவா? நான் முன்னணியில் இருக்கிறேன். ஒரு உயரமான பந்து வந்தது. ஓங்கினேன். தோளுக்குள் பழந்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. மட்டை கீழே விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் தலைவாரிக்கொள்ளக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. மேசைப்பந்து ஆட்டக்காரனாக என் கதை அங்கே முடிந்தது. பதினேழு வயது.

ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான், என் தோளில் என்ன நடந்தது என்று புத்தகம் புத்தகமாகத் தேட ஆரம்பித்தேன்.

ஐம்பது கிலோ உடம்பு, இரண்டரைக் கிலோ கை

எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பந்தை அடிப்பதுபோல் கையை வீசிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் மூக்கு ஜாக்கிரதை. (சிரிப்பு) இப்போது எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, வலது காலில் எடையைப் போட்டு, இடுப்பைத் திருப்பி வீசுங்கள். வித்தியாசம் தெரிகிறதா? இரண்டாவது தடவை கை லேசாக இருந்திருக்கும். ஆனால் காற்றில் 'விஷ்' என்று சத்தம் அதிகமாகக் கேட்டிருக்கும்.

காரணம் இதுதான். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரு கையின் எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. ஒரு கால் எட்டுக் கிலோ. நடு உடம்பு மட்டும் மொத்த எடையில் ஏறக்குறையப் பாதி. பெரிய தசைகளெல்லாம் தொடையிலும் பிட்டத்திலும் முதுகிலும் இருக்கின்றன. நாமோ இரண்டரைக் கிலோவை மட்டும் நம்பிக்கொண்டு, மிச்சத்தைத் தரையில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிறுத்திவிடுகிறோம்.

நன்றாக ஆடுகிற ஒருவரைக் கைபேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் அடிக்கிறார். முதலில் அசைவது மட்டை அல்ல. வலது கால் தரையை மிதிக்கிறது. நாம் தரையை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு தரையும் நம்மைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளு முழங்கால் வழியாக ஏறி இடுப்பைத் திருப்புகிறது. இடுப்பு திரும்பி நிதானிக்கும்போது மேலுடம்பு அதை முந்துகிறது. மேலுடம்பு நிதானிக்கும்போது மேற்கை உள்பக்கமாகத் திருகிக்கொண்டு முன்னே ஓடுகிறது, முழங்கை மடங்குகிறது. கடைசியில், பந்தைத் தொடுகிற நேரத்தில், மணிக்கட்டு. மட்டை சலாம் வைப்பதுபோல் நெற்றிப் பக்கம் வந்து நிற்கிறது.

மாட்டுவண்டிக்காரர் சாட்டை சொடுக்குவதை ஊரில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பிடியை வீசி நிறுத்துவார். நிறுத்திய இடத்திலிருந்து வேகம் கயிற்றின் நுனிக்கு ஓடும். உடம்பும் அதேதான். கனமான பகுதி முதலில் நகர்ந்து, நின்று, தன் வேகத்தை அடுத்த லேசான பகுதிக்குக் கொடுத்துவிடுகிறது. வரிசை மாறினால் போயிற்று. மணிக்கட்டு முந்திக்கொண்டால் கீழே இருந்து வருகிற பலம் வந்து சேர்வதற்குள் பந்து போய்விடும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கிற நேரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை ஏற்பாடும் அந்த ஒரு கணத்துக்காக.

ஜப்பானைச் சேர்ந்த ஈனோ, கோஜிமா என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேர்ந்த ஆட்டக்காரர்களையும் நடுத்தர ஆட்டக்காரர்களையும் ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேர்ந்தவர்களின் மட்டை வேகத்தில், இடுப்பை ஒட்டிய கீழ் உடற்பகுதியின் சுழற்சிக்கு அதிகப் பங்கு இருந்தது என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கத்தரிதான் கண் முன்னால் வந்தது.

பேக்ஹேண்டுக்கு இவ்வளவு நீளமான சங்கிலி கிடையாது. உடம்புக்கு நேர் முன்னால் நடக்கிற அடி அது. முழங்கை அச்சு மாதிரி இருக்க, முன்கையும் மணிக்கட்டும் விசிறி மாதிரி திறக்கும். சீனாவின் சாங் ஜீக்கே 2011இல் உலக வெற்றியாளர் ஆனபோது, மேசைக்கு மேலேயே மணிக்கட்டைச் சுருட்டி விடுவிக்கிற ஓர் அடியால் எதிராளிகளைத் திணறடித்தார். இப்போது சின்னப் பிள்ளைகள் எல்லாம் முதல் மாதத்திலேயே அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். அவர் அதற்கு முன்னால் வலது காலை மேசைக்கு அடியில் எவ்வளவு உள்ளே கொண்டுபோய் ஊன்றுகிறார் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

கிழிந்தது ஏன்?

இனி என் தோளுக்கு வருகிறேன். இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து. தோள் மூட்டு அப்படி அல்ல. தட்டில் வைத்த நெல்லிக்காய் மாதிரி. நாலு சின்னத் தசைகள் சுற்றி நின்று அது உருண்டு விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கையை எல்லாப் பக்கமும் சுழற்றும் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கிற விலை இது.

அடிக்கும்போது மட்டும் தோள் வேலை செய்வதாக நினைக்கிறோம். அடித்த பிறகு, பறந்துபோகிற கையை நிறுத்தவும் வேண்டுமே! பிரேக் போடுவது யார்? உடம்பும் கூடத் திரும்பியிருந்தால் முதுகு, இடுப்பு, இடது கால் எல்லாம் பிரேக்கில் பங்கு எடுத்துக்கொள்ளும். உடம்பு கம்பமாக நின்றால் அந்தச் சின்னத் தசைகள்தான் முழுப் பாரத்தையும் வாங்கவேண்டும். முந்நூறு தடவை. தினமும். அதோடு கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஓங்கும்போது, தசைநார் மேலே உள்ள எலும்புக்கு அடியில் உரசுகிறது. முதலில் குத்தும், பிறகு வீங்கும், அப்புறம் ஒரு நாள் குவாந்தான்.

பந்து பெருத்தது, பசை போனது

"எங்க காலத்துல கையாலதானே சார் அடிச்சோம்?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த விளையாட்டு நம் கண்ணெதிரே மாறிவிட்டது.

1952இல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ, தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு இறங்கிப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பந்து மட்டையில் பட்டால் சத்தமே இல்லையாம்! பிறகு 1959இல் மட்டைக்கு விதி வந்தது. ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து நாலு மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. (ரப்பர் என்றதும் நம் ஆட்களுக்குப் பால்மரம் ஞாபகம் வரும். நம் பாட்டன்மார் சீவிய பாலில் எத்தனை உலக வெற்றியாளர்கள் ஆடினார்களோ, அதற்கு யார் கணக்கு வைத்தார்கள்?)

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகக் குழுப் போட்டி நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆண்கள் இறுதி ஆட்டத்தில் சுவீடன், சீனாவை 3-2 என்று வீழ்த்தியது. வால்ட்னருக்கு 34 வயது, பெர்சனுக்கு 33, கார்ல்சனுக்கு 30. அதற்குப் பிறகு 2024 வரை அந்தப் பட்டம் சீனாவை விட்டுப் போகவே இல்லை. அன்றைக்கு நான் வால்ட்னரின் கையைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் தரையில் ஒட்டவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சின்னத் துள்ளல், பூனை மாதிரி.

38 மில்லிமீட்டர் பந்தில் நடந்த கடைசி உலகப் போட்டி அது. அதே ஆண்டு அக்டோபரில் பந்து 40 மில்லிமீட்டர் ஆனது, எடை 2.7 கிராம். பெரிய பந்தைக் காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும், சுழலும் குறையும். 2001இல் 21 புள்ளி போய் 11 புள்ளி வந்தது. 2008இல், ரப்பரை ஊதவைத்துப் பந்தைப் பறக்கவிட்ட பசைக்குத் தடை விழுந்தது. அதன் ஆவி உடம்புக்குக் கேடு என்பது காரணம். 2014இல் செல்லுலாய்ட் போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது. அதில் சுழல் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது பாருங்கள். பந்தும் பசையும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த வேகத்தையும் சுழலையும் இனி உடம்புதான் உண்டாக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. என் காலத்தில் கையால் சமாளித்தோம் என்றால், பாதி வேலையைப் பொருள் செய்தது. இன்றைக்கு 13 வயதுப் பிள்ளையை அதே கையால் அதே வேகத்தில் அடிக்கச் சொல்கிறோம். பொருள் மாறிவிட்டது, சொல்லிக்கொடுக்கிற நாம் மாறவில்லை.

சென்னையில் வளர்ந்த சரத் கமலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சீனிவாச ராவும் அப்பாவின் சகோதரர் முரளிதர ராவும் பயிற்சி கொடுத்தார்கள். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம். அன்றைக்கு பழைய பசை இருந்தது, செல்லுலாய்ட் பந்து இருந்தது. பதினாறு வருடம் கழித்து, 2022இல் பர்மிங்ஹாமில், 40 வயதில் மறுபடியும் ஒற்றையர் தங்கம். இப்போது பசையும் இல்லை, பழைய பந்தும் இல்லை. ஆறடி உயரத்து மனிதர், மேசையிலிருந்து கொஞ்சம் விலகி நின்று முழு உடம்பாலும் வீசுகிறார். கையை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தோள் 2025 மார்ச்சில் அவர் ஓய்வு பெறும்வரை உழைத்திருக்குமா?

எல்லோரும் சரத்தைப் போல வீசவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதே சென்னையின் சத்தியன், எஸ். ராமனிடம் பயின்றவர், உயரம் குறைவு. மேசையை ஒட்டி நின்று, வீச்சைச் சுருக்கி, பந்து எழும்பும்போதே பிடித்து அடிக்கிறார். 2019இல் உலக வரிசையில் 24ஆம் இடம். சங்கிலி ஒன்றுதான், நீளம்தான் வேறு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் சத்தியன் மாதிரி உடம்புக்காரர்கள். அவர்களுக்கு சரத்தின் வீச்சைச் சொல்லிக்கொடுப்பது அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போலத்தான்.

மலைக்காற்றின் விளையாட்டு

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. கீழே இறங்கிப் போட்டிக்குப் போனால், முதல் நாள் அவர்கள் சுழற்றி அடிக்கிற பந்து வலையிலேயே போய் விழும். "பயந்துட்டான் சார்" என்பார்கள். பயம் மட்டும் அல்ல.

டாப்ஸ்பின் பந்து முன்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது. சுழலும் பந்து காற்றை மேலே தள்ளுகிறது, காற்று பந்தைக் கீழே அழுத்துகிறது. அதனால்தான் ஓங்கி அடித்த பந்தும் வளைந்து மேசையில் இறங்குகிறது. கோலா தெர்லா கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல். குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், எங்கள் காற்று கோலாலம்பூர்க் காற்றைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மெல்லியது. அந்த அளவுக்கு அழுத்தமும் குறைவு. பலமாகச் சுழலும் ஒரு பந்து மூன்று நாலு சென்டிமீட்டர் குறைவாக வளையும் என்பது நான் காகிதத்தில் போட்ட கணக்கு. வலையின் உயரமே 15.25 சென்டிமீட்டர்தான்! மலையில் பழகிய பிள்ளை, தன்னை அறியாமல் மட்டையைக் கொஞ்சம் மூடி அடிக்கப் பழகியிருக்கும். கீழே வந்தால் அதே அடி வலையில்.

போதாததற்கு மூடுபனி. ஈரம் ரப்பரில் படிந்தால் பந்து பிடிபடாமல் வழுக்கும். வழுக்கினால் பிள்ளை என்ன செய்யும்? இன்னும் பலமாக அடிக்கும். எதனால்? கையால்! எங்கள் மண்டபத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் மட்டையைத் துடைக்கச் சொல்கிறேன். மட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளும் உண்டு, கோழிக்குஞ்சை வைத்துக்கொள்வது மாதிரி.

அந்தப் பெண்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் வந்தேன், இதைச் சொல்லத்தான் தயக்கமும்.

என்னிடம் பதின்மூன்று வயதில் ஒரு பெண் வந்தாள். பாட்டி கொழுந்து வெட்டியவர், அம்மா காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார். வேறு ஓர் இடத்தில் இரண்டு வருடம் பழகியிருந்தாள். பந்து இடிபோல் போகிறது. பார்த்தவுடன் எனக்கு வயிறு கலங்கியது. கால் இரண்டும் ஆணி அடித்ததுபோல் நிற்க, கை மட்டும் பறக்கிறது. "வலிக்குதா?" என்றேன். "இல்ல சார்" என்றாள். சடையை முன்னால் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னால் ஏன் போடவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. கை பின்னால் போகவில்லை, அதுதான் பதில்.

மாநிலத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. மருத்துவரிடம் அனுப்பினேன், ஓய்வு வேண்டும் என்றார். மட்டையை வாங்கி அலமாரியில் பூட்டினேன். அவள் அம்மா மண்டபத்துக்கே வந்துவிட்டார். "சார், இந்தத் தேர்வுல வந்துட்டா விளையாட்டுப் பள்ளியில இடம் கிடைக்கும்னு சொல்றாங்க. நீங்களே இப்படிச் செய்யலாமா? அஞ்சு வாரம்தானே சார், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடிடுவா" என்றார். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்டதில் தப்பே இல்லை. இடம் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் பாரம் குறையும். நான் என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, வலது கையைத் தூக்கிக் காட்டினேன். இன்றைக்கும் காதுக்கு மேல் போகாது. "இதுக்கும் அஞ்சு நாள்தான் மிச்சம் இருந்துச்சும்மா" என்றேன். அவர் அழுதுகொண்டே போனார். பெண் தேர்வுக்குப் போகவில்லை. மூன்று மாதம் என்னோடு பேசவும் இல்லை. செய்தது சரிதானா என்று இரவில் இப்போதும் தோன்றும்.

பிறகு ஒரு நாள் தானாக வந்தாள். மட்டையைக் கொடுக்கவில்லை, கயிறு கொடுத்தேன். ஆறு வாரம் கயிறு தாண்டினாள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நண்டு மாதிரி ஓடினாள். பந்து இல்லாமல், ஒரு பழைய துண்டை முடிச்சுப் போட்டு வீசச் சொன்னேன். துண்டின் நுனி சொடுக்கினால் சங்கிலி சரி, தொங்கினால் தப்பு. அதற்கு வாத்தியாரே தேவையில்லை, துண்டே சொல்லிவிடும். பெற்றோர்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பிள்ளை தலைவாரும்போது, சட்டை மாட்டும்போது, தோளைச் சுளிக்கிறதா? "வலிக்குதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். ஆட்டத்தை நிறுத்திவிடுவோம் என்ற பயம் அதற்கு.

போன வாரம் அவள் அம்மா மண்டப வாசலில் நின்று பார்த்தார். "என்ன சார், இப்பல்லாம் சத்தமே கேக்கலியே, அடிக்கிறாளா இல்லையா?" என்றார். பந்து போகிற வேகத்தைப் பாருங்கள் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எங்க அம்மா கொழுந்து வெட்டுற மாதிரியே திரும்புறா" என்றார்.

அடுத்த தேர்வுக்கு அனுப்புவீர்களா என்று கேட்காதீர்கள். தோள் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பந்துதான் எண்ணிக் கொடுக்கிறேன். நாற்பத்தொன்றாவது பந்துக்குத் தினமும் சண்டை நடக்கிறது. இன்றைக்கு நான் இங்கே வந்துவிட்டேன், கூடையை அவளிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை அடித்தாளோ தெரியவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.